ஜன்னலோரம் இரண்டு கேன்

மக்கா,

இதை நான் உட்கார்ந்து எழுதவில்லை. அடுக்களை மேடையில் தாளை விரித்து, நின்றுகொண்டு எழுதுகிறேன். ஆயுசெல்லாம் பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்தவனுக்கு உட்கார்ந்தால் கை ஓடாது. ஒரு வரி எழுதுகிறேன், வாசல்வரை போகிறேன், கேட்டைத் திறந்து ரோட்டைப் பார்க்கிறேன், திரும்பி வந்து அடுத்த வரி. உன் அம்மா, "என்னத்துக்கு இப்பிடிக் கெடந்து நடக்கிய? தரை தேஞ்சு போவும்" என்கிறாள். தேயட்டும். போனில் பேசித் தீர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ எடுத்த உடனே, "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், பொறவு விளிக்கேன்" என்கிறாய். அந்தப் பொறவு இன்னும் வரவில்லை. விடிந்தால் மீட்டிங், அடைந்தால் மீட்டிங் என்றால் பெங்களூரில் வேலை எப்போதடா நடக்கிறது? எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நாங்கள்தான். பரவாயில்லை, மெதுவாகவே வாசி. ஓடிக்கொண்டே வாசிக்கிற காரியமும் இல்லை இது.

காரியத்துக்கு வருகிறேன். உன் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதித்தார்கள். உனக்குச் சிறுநீரில் புரோட்டீன் போகிறது, பிரஷரும் வயசுக்கு மேல் இருக்கிறது, கிட்னி டாக்டரைப் பார் என்று எழுதித் தந்தார்கள். இதை நீ அம்மாவிடம் எப்படிச் சொன்னாய் தெரியுமா? கல்யாணத்துக்கு எடுக்கிற பட்டு வேட்டியின் கரை அகலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில், "பின்னே ஒரு சின்ன காரியம் உண்டு, ஒண்ணுமில்ல" என்று. அவள் அதை எனக்குக் கிண்ணத்தில் கஞ்சி விளம்பும்போது அதேபோல ஒண்ணுமில்லாமல் சொன்னாள். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கிட்னியில் கோளாறு என்று போன வருஷம் முழுக்கத் திருவனந்தபுரத்துக்கு அலைந்தவன் நான். எனக்கு ஒண்ணுமில்லாத புரோட்டீன் எது, ஒண்ணு இருக்கிற புரோட்டீன் எது என்று கொஞ்சம் தெரியும்.

பயமுறுத்த எழுதவில்லை. ஒருதடவை புரோட்டீன் வந்தால் அதுவே நோய் இல்லை. காய்ச்சல் அடித்தாலும் வரும், முந்தின நாள் ஜிம்மில் வெறிபிடித்து ஓடியிருந்தாலும் வரும் என்று என்னைப் பார்க்கிற டாக்டரே சொன்னார். ஆனால் அப்பனுக்குக் கிட்னி பழுது, மகனுக்குப் பிரஷரும் சேர்ந்து இருக்கிறது என்றால் திரும்பப் பார்க்காமல் விடாதீர்கள் என்றும் அவரேதான் சொன்னார். எல்லாப் பரிசோதனையும் செய்தும், என் கிட்னி எதனால் கெட்டது என்று அவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. பிரஷராக இருக்கலாம். நின்று நின்று முட்டு வலித்தபோதெல்லாம் மெடிக்கல் ஸ்டோரில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரையாக இருக்கலாம். ரத்தத்தில் வருவதாகவும் இருக்கலாம். அந்தக் கடைசி "இருக்கலாம்" என்னைத் தூங்கவிடவில்லை.

உன் அம்மாவின் தீர்மானம் வேறு. "ஆவணியில கல்யாணம். இப்பப் போய் இதை எளக்காதீங்க. பெண்ணு வீட்டுல ஒரு சொல்லு சென்னா பின்ன நடக்குமா? தாலி கெட்டட்டு. பொறவு எந்த ஆஸ்பத்திரியிலயும் கொண்டு காட்டலாம்." நான் கேட்டேன்: "கெட்டின பொறவு அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லுவோம்?" "நீங்க மிண்டாம இருங்க" என்று என் வாயை அடைத்தாள். அவளைக் கோபிக்காதே. தெக்கேவீட்டுச் சம்பந்தம் ஒன்று இப்படித்தான் ஆப்பரேஷன் செய்த கதை வெளியே போய் முறிந்தது, அந்தப் பயம் அவளுக்கு. நீயும் அம்மாவின் பேச்சைக் கேட்டுத்தான் பேசாமல் இருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பாறசாலையில் பஸ் ஏறினேன். நேரே தனுவச்சபுரம் போய், பெண் வீட்டில் ஸ்ரீஜாவின் அப்பாவைக் கண்டு, காரியத்தைச் சொல்லிவிடுவது, பிறகு வருவது வரட்டும் என்று. பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகளின் நெரிசல். தனுவச்சபுரம் வந்தது. பிள்ளைகள் எல்லாம் இறங்கினார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்தான், நான் சொல்லிக்கொடுத்து வளர்ந்த பையன்தான். "அண்ணே, இஞ்ச இல்லியா?" என்றான். என் கால் எழும்பவில்லை, மக்கா. எத்தனை ஆயிரம் பேரை அந்த ஸ்டாப்பில் சத்தம் போட்டு இறக்கியிருக்கிறேன்! தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி இறக்கியிருக்கிறேன். நான் இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிரே வந்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் தேங்காய் விலை கேட்கப் போனதாகப் பொய் சொன்னேன். உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அதற்குப் பிறகுதான் போன வியாழக்கிழமை ஸ்ரீஜாவே வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேரே ஸ்கூட்டரில் வந்திருக்கிறாள், கையில் சாக்பீஸ் பொடிகூடப் போகவில்லை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். "அத்தை இல்லியா? அது நன்னாயி. உங்ககிட்டதான் மாமா ஒரு காரியம் பறயணும்" என்று தொடங்கினாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "எங்கிட்ட அவரு எல்லாம் ஒக்க சொல்லியாச்சு மாமா. ரிப்போர்ட்டும் போட்டோ எடுத்து அயச்சாரு. வேண்டாம்னா இப்பமே சொல்லிரு, எனக்கு ஒரு வெசனமும் இல்லன்னும் சொன்னாரு. நான் நல்லா ஏசிட்டேன்." எனக்கு ஒரு நொடி வருத்தமாக இருந்தது, அப்பனிடம் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறானே என்று. அடுத்த நொடியே, எலே, எனக்கு உன்னைத் தூக்கி வைத்துக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. நானும் அம்மாவும் மறைப்பதா சொல்வதா என்று மாரடித்துக்கொண்டிருந்தபோது, நீ நேரே சொல்லிவிட்டு இருந்திருக்கிறாய்.

"பின்ன என்னத்துக்கு மக்களே அவன் டெஸ்டுக்குப் போவல்ல?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "பேடி ஆக்கும் மாமா. ஊசி குத்திக் கிட்னியைக் கிள்ளி எடுப்பாங்கன்னு போன்ல என்னவோ வீடியோ பாத்து வச்சிருக்காரு. நீங்க எல்லாம் செஞ்ச ஆளுதானே. உங்ககிட்ட கேக்க அவருக்கு வெக்கம். நீங்களா சொல்லிக் குடுங்க." போகும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ரோகம் இருந்தா இருக்கட்டும் மாமா, பாத்துக்கலாம். என்னன்னு தெரியாம இருக்கதுதான் எனக்குக் கொள்ளாது." அந்தப் பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அப்படிச் செய்தால் பயந்துவிடுவாள் என்று ஒரு சீப்பு மட்டிப் பழத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பயத்தைக் கேட்டதும் எனக்குச் சின்ன வயசில் நீ ஓடினது ஞாபகம் வந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட அழைத்துக்கொண்டு போனேன். நர்ஸ் பஞ்சை எடுத்ததுதான் தாமதம், கையை உதறிவிட்டு ஓடி, ரோட்டில் நின்ற நெய்யாற்றின்கரை வண்டியில் ஏறிப் பின்சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டாய். அமரவிளையில்தான் பிடித்தோம். வண்டி முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஊசி எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும் என்று அன்றைக்கு ஒருத்தரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

முதலில் சிறுநீரும் ரத்தமும். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் வேண்டும். தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைக் குப்பியில் பிடிக்க வேண்டும். அதில் எவ்வளவு புரோட்டீன் கசிகிறது என்று பார்ப்பார்கள். ரத்தம் கையில் எடுப்பார்கள், ஒரு எறும்பு கடிக்கிற வலி, அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொள், ஊசியைப் பார்க்காதே, சுவரில் காலண்டர் இருந்தால் அதைப் படி. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். கிட்னி கழித்துத் தள்ள வேண்டிய கழிவு அது, தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறி நிற்கும். அதை வைத்து உன் வயசையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்வார்கள். முந்தின ராத்திரி நண்பர்களோடு போய் மாட்டிறைச்சியும் பொரோட்டாவும் வெட்டாதே, இறைச்சி அந்தக் கணக்கைக் கூட்டிக் காட்டும். ஜிம்மில் ஒரு டப்பாவில் பொடி கலக்கிக் குடிக்கிறாயே, அதையும் டாக்டரிடம் சொல்லிவிடு. நான் என் வலி மாத்திரையையும், உன் சித்தி தந்த முட்டுவலிக் கஷாயத்தையும் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன். "மருந்து ஏதாவது?" என்று டாக்டர் கேட்டதற்கு உன் அப்பன் சொன்ன பதில் என்ன தெரியுமா? "வெறும் கட்டன்சாயா." அப்புறம் ரத்தக் கணக்கைப் பார்த்து அவர் துருவிக் கேட்டதும் ஒத்துக்கொண்டேன்.

பிறகு ஸ்கேன். இதில் ஊசியே கிடையாது. வயிற்றில் குளிர்ந்த பசை ஒன்றைத் தேய்த்து, ஒரு கருவியை வைத்து உருட்டுவார்கள். கிட்னி எவ்வளவு பெரிது, கல்லோ அடைப்போ இருக்கிறதா என்று படத்தில் தெரியும். ஒரே கஷ்டம், தண்ணீர் நிறையக் குடித்து, மூத்திரப்பை நிறைந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். நான் பெருமையாகப் போய் உட்கார்ந்தேன். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம்வரை டிராபிக்கில் அடக்கிப் பழகியவனுக்கு இதென்ன பெரிய காரியம் என்று. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மக்கா. பக்கத்தில் ஒரு ஐயா, "முட்டித் தெறிக்கும்போலே உண்டு" என்று முணங்கிக்கொண்டே இருந்தார். ஆகவே சீக்கிரம் போய்ப் பேர் கொடு, ஆனால் தண்ணீரை அவர்கள் சொன்ன பிறகு குடி.

இனி அந்தக் கேன் கதை. இதை நான் வீட்டில் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. ஒரு நாள் முழுவதும் போகிற சிறுநீரை ஒரு கேனில் சேர்க்கச் சொல்வார்கள். காலையில் முதலில் போவதைக் களைந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போவது எல்லாம் கேனில், மறுநாள் காலை முதலில் போவதுவரைக்கும். ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. நான் தொடங்கின அன்றைக்கு மத்தியானம் குளத்தூரில் உன் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருத்தர் இறந்துபோன செய்தி வந்தது. போகாமல் இருக்க முடியுமா? கேனை விட்டுப் போகவும் முடியாது. ஜவுளிக்கடைப் பை ஒன்றில் கேனைப் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். உள்ளே அழுகை, நான் வெளியே பையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பையன் வந்து, "அண்ணே, அது வெளக்குக்கு எண்ணெயா? இஞ்ச தாங்க, நான் உள்ள குடுக்கேன்" என்று பையில் கை வைத்துவிட்டான். "எண்ணெய் இல்லடே, தொடாதே!" என்று நான் கத்தின கத்தலில் அழுதவர்கள் எல்லாம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று தடவை கக்கூசுக்குப் பையோடு போனேன். சொந்தக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

அப்படிக் காப்பாற்றிக் கொண்டுவந்தேன். வீட்டு வாசலில் உன் சித்தி நிற்கிறாள். தீட்டு என்றால் அவள் எப்படி என்று உனக்குத் தெரியுமே. "அத்தான், அப்பிடியே நில்லுங்க. கையில உள்ளதை ஒக்கக் கல்லுல வச்சிட்டுக் குளிக்கப் போங்க" என்றாள். அம்மா சாவு வீட்டிலேயே தங்கிவிட்டாள், தடுக்க ஆளில்லை. நான் கேனைத் துவைக்கிற கல்லில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலை துவட்டிக்கொண்டு வந்தால் கேன் கவிழ்ந்து கிடக்கிறது, பளபளவென்று. "அதில நாறுன வெள்ளமாக்கும் கெடந்தது அத்தான். நான் களஞ்சிட்டுச் சோப்புப் போட்டுத் தேச்சு வச்சிருக்கேன்" என்றாள், பெரிய உபகாரம் செய்த மாதிரி. என் ஒரு நாள் உழைப்பு வாழைத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் என்னவென்று சொல்வது? மச்சினியிடம் சொல்கிற காரியமா அது? பேசாமல் கேனை உள்ளே எடுத்துப் போய், ராத்திரி போனதை மட்டும் அதில் பிடித்து, மறுநாள் லேபில் கொண்டு கொடுத்தேன். "ஃபுல் டே அல்லே?" என்று கேட்ட பெண்ணிடம் ஜோராகத் தலையை ஆட்டினேன்.

ரிசல்ட் வந்தது. புரோட்டீன் கொஞ்சம்தான். எனக்கு ஒரே சந்தோஷம், அம்மாவுக்கு முந்திரிக்கொத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் டாக்டர் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "அங்கிளே, இது ஒரு திவசத்தெ முழுவனும் இல்லல்லோ" என்றார். சிறுநீரில் போகிற கிரியாட்டினினை வைத்தே, இது முழுநாள் சேர்த்ததா பாதி நாள் சேர்த்ததா என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். டிக்கெட் எடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களில் எத்தனை பேரை நான் பிடித்திருக்கிறேன், அன்றைக்கு நான் பிடிபட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்த டாக்டரம்மா மேஜையில் தலை வைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இந்த ரிசல்ட்டை நம்பி உங்களைச் சும்மா அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். திரும்பவும் சேர்த்தேன், இந்தத் தடவை கதவைப் பூட்டிக்கொண்டு. புரோட்டீன் முந்தினதைவிட எவ்வளவோ கூட. அதற்குப் பிறகுதான் எனக்கு மருந்தே தொடங்கியது. நல்ல ரிசல்ட் வேண்டும் என்று ஆசைப்படாதே, மக்கா. சரியான ரிசல்ட் வரட்டும்.

நீ பயப்படுகிற ஊசிக்கு வந்துவிட்டேன். அதற்குப் பேர் பயாப்ஸி. எல்லோருக்கும் அது கிடையாது. முதல் பரிசோதனைகளில் காரணம் பிடிபடவில்லை என்றால்தான் செய்வார்கள், உனக்கு வேண்டாமலே போகலாம். எனக்குச் செய்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி. அதுதான் வலித்தது, கொஞ்ச நேரம். பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மூச்சைப் பிடியுங்கள் என்றார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக் என்று ஒரு சத்தம். உள்ளே ஒரு தள்ளல். நூல் அளவுக்கு ஒரு துணுக்கு எடுத்தாகிவிட்டது. கிள்ளவும் இல்லை, பிய்க்கவும் இல்லை. அதற்குப் பிறகு மல்லாந்து அசையாமல் மணிக்கணக்கில் கிடக்கச் சொன்னார்கள், சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என்னைப்போல ஒரு இடத்தில் இருக்க முடியாதவனுக்கு அதுதான் தண்டனை. ஊசி இல்லை, அசையாமல் கிடக்கிறதுதான்.

எல்லாம் முடிந்தாலும் ஒரே தடவையில் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். கொஞ்ச மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். அந்த இடைவெளியில்தான் மனுஷன் செத்துப் பிழைக்கிறான். நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தது அப்போது பழகியதுதான். ஆனால் இப்போது என்னைப் பார், உப்பைக் குறைத்தேன், வலி மாத்திரையை விட்டேன், பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். பாதிக்குக் கொஞ்சம் மேல் வேலை செய்கிற கிட்னி, நின்ற இடத்தில் நிற்கிறது. கூட்டான் சப்பென்று இருக்கிறது என்று தினமும் உன் அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பும் இருக்கிறது. நேரத்தோடு தெரிந்ததால்தான் இது. உனக்கு ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஏதாவது இருந்தாலும், உன் வயசில் தெரிந்தால் என்னைவிட எவ்வளவோ நல்லது.

ஸ்ரீஜா வந்துபோனதை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். மறுநாள் கடைக்குப் போய்வந்தவள் பையிலிருந்து ஒரு புதுக் கேனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எனக்கு இந்த மாதம் திரும்பவும் சேர்க்க வேண்டும், என்னுடையது ஏற்கனவே குளியலறை ஜன்னலில் இருக்கிறது. "இதாருக்கு?" என்றேன். "உங்க மகனுக்கு. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் ஒருமிச்சுத் தொடங்குங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள், அழுதிருக்கிறாள். இப்போது ஜன்னலோரம் இரண்டு கேன் இருக்கிறது. மாறிப்போகக் கூடாது என்று உன்னுடையதில் உன் பேரை எழுதி ஒட்டியிருக்கிறேன். சித்தியை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் செத்தாலும் இந்த இரண்டையும் தொடக் கூடாது என்று சொல்லியாயிற்று. அவளுக்கு விஷயம் அப்போதுதான் விளங்கி, அன்றைக்குத் தேய்த்த கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு இரண்டு டோக்கன் எடுத்திருக்கிறேன். ஸ்ரீஜா லீவு போட்டுவிட்டு வருகிறாள், நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். பட்டு வேட்டி எடுக்க நீ டிக்கெட் போட்டிருக்கிற சனிக்கிழமை வண்டி வரும்போது பாறசாலை ஸ்டேஷனில் நிற்பேன். எந்தப் பெட்டி என்று சொல்லாவிட்டாலும் எல்லாப் பெட்டிக்கும் நடந்து பார்ப்பேன், நடக்க எனக்கா தெரியாது? உன் கால் எழும்பாது, தெரியும். தனுவச்சபுரத்தில் என் கால் எழும்பவில்லை. சீட்டுக்கு அடியில் ஒளிந்தாலும் சரி, கையைப் பிடித்து இறக்குவேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மக்கா. இறங்கி வா.